காவலர் மறந்த எண்

திருநாவுக்கரசுவுக்கு அந்த ஆறிலக்க எண் மறந்துபோய்விட்டது. ஆனால் "மறந்துபோச்சு" என்ற ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்குவதைவிடக் கான்கிரீட் சுவரிலிருந்து ஆணி பிடுங்குவது சுலபம்.

"சிஸ்டம் அப்டேட் ஆவுது. கொஞ்சம் பொறு" என்றார்.

புஷ்பவள்ளி பொறுத்தாள். அவளுடைய கைப்பேசி அவர் கையில் இருந்தது. திரையில் ஒரு சிவப்புப் பூட்டு. இன்றைக்கு உனக்கான நேரம் முடிந்தது, வீட்டில் பெரியவர்களைக் கேள் என்று அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இந்த வீட்டில் அந்தப் பெரியவர் அவளுடைய கணவர் திருநாவுக்கரசு.

சனிக்கிழமை மதியம். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற புஷ்பவள்ளிக்குச் சனிக்கிழமைதான் விசாரிப்புகள் குவியும் நாள். பட்டர்வொர்த்தில் காமினி என்ற பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். "சேலை படம் அனுப்புறேன்க்கா, பாத்துட்டு இன்னைக்கே சொல்லிடுங்க. மாமியார் வீட்டுல வேற ஒருத்தங்கள பேசி வெச்சிருக்காங்க" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். படம் வந்துவிட்டது, வந்த சத்தம் கேட்டது. திறக்கத்தான் வழியில்லை, காமினியின் எண்ணும் அதற்குள்ளேதான். பூட்டு விழுந்துவிட்டால் அந்தக் கைப்பேசியிலிருந்து கூப்பிட முடிகிற எண் ஒன்றே ஒன்று. அதுவும் எதிரில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்த திருநாவுக்கரசுவின் எண்.

இந்தப் பூட்டு வந்த கதை பெரிதல்ல. போன வருடம் ஒருநாள், உங்கள் பார்சல் நிற்கிறது என்று வந்த குறுஞ்செய்தியை நம்பி அவள் ஒரு லிங்க்கைத் தொட்டுவிட்டாள். தொட்டதும் சந்தேகம் வந்து மூடியும்விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதை அவரிடம் சொன்னாள் பாருங்கள், அதுதான் தப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கு மேனேஜராக இருக்கும் திருநாவுக்கரசு, வீட்டையும் ஒரு பிரிவாக்கினார். மகள் ஷர்மினியின் டேப்லெட்டுக்காக வாங்கிவைத்திருந்த கண்காணிப்புச் செயலியை அவளுடைய கைப்பேசியிலும் ஏற்றினார். "உன் சேஃப்டிக்குத்தான்" என்றார். கல்யாண சீசன், பெண் வீட்டுக்கும் மண்டபத்துக்கும் ஓடிக்கொண்டிருந்த அவள், வாதாடத் தெம்பில்லாமல் சரி என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து நேரம் தீர்ந்தால் அவர் வருவார். உள்ளங்கையைக் கூடாரம்போல் கவிழ்த்துத் திரையை மறைப்பார். தட்டுவார். "இன்னும் ஒரு மணி நேரம் குடுத்திருக்கேன்" என்பார், சொந்த நிலத்தில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்த மாதிரி. இரவு எட்டுக்கு மேல் அதுவும் கிடையாது. எண்ணை அடிக்கடி மாற்றுவதில் அவருக்குப் பெருமை வேறு. ஷர்மினி தோள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள் என்று போன வாரம்தான் புதிதாக மாற்றினார். மாற்றியவர் மறந்தும்போனார்.

இப்போது அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். தான் ஓட்டும் காடியின் நம்பர். தொழிற்சாலையில் தன் ஊழியர் எண். தனக்குப் பதவி உயர்வு வந்த தேதி. எதற்கும் பூட்டு அசையவில்லை. பிறகு நிமிர்ந்து, யோசனையோடு கேட்டார்.

"ஷர்மினி பொறந்தது எந்த வருஷம்?"

புஷ்பவள்ளி சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்தாள். அவர் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. நாள் மாதத்தோடு சேர்த்துப் போட்டார். அதுவும் தப்பு.

"நம்ம கல்யாண நாளு போட்டுப் பாக்குறீங்களா?"

"அத நான் ஏன் போடப் போறேன்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே, அப்படி ஒரு தேதியை எதற்கு ஞாபகத்தில் வைக்க வேண்டும் என்று புரியாமல் கேட்டார்.

அறைக்குள்ளிருந்து ஷர்மினி தன் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதிலும் அதே பூட்டு.

"ப்பா, எங்கயாவது எழுதி வெச்சிருக்கலாம்ல?"

"எழுதி வெச்சா அதுக்குப் பேரு பாஸ்கோடா? மண்டையில இருக்கணும்."

"மண்டையில இல்லயே" என்றாள் மகள். அப்பா முறைப்பதற்குள் டேப்லெட்டை மேசையில் போட்டுவிட்டு, கீழ்மாடித் தோழி ஐனா வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த நாடகத்தைப் பார்க்கக்கூடாது என்று இவர் இங்கே அடைத்தாரோ, அதைத்தான் அவர்கள் இருவரும் ஐனாவின் டேப்லெட்டில் பார்க்கிறார்கள் என்பது ஜெலுத்தோங்கில் அந்த அடுக்குமாடி முழுக்கத் தெரியும். திருநாவுக்கரசுவுக்கு மட்டும் தெரியாது.

இன்னும் சில முறை தப்பாகப் போட்டதில், நாளை வாருங்கள் என்று சொல்லிவிட்டுச் செயலி ஒரேயடியாகக் கதவடைத்தது. எண்ணை மறந்தவர்களுக்கு என்று ஒரு பொத்தான் இருந்தது. அவர் விரல் அதற்குமேல் போய்ப்போய்த் திரும்பியது.

"அத அழுத்துங்க" என்றாள்.

"அழுத்துனா மெயில் வரும்."

"வரட்டும்."

"பழைய கம்பெனி மெயிலுக்கு வரும்."

அந்தத் தொழிற்சாலையை விட்டு இப்போதைய தொழிற்சாலைக்கு அவர் மாறி மாதங்களாகிவிட்டன. உலகத்தில் யார் எந்த லிங்க்கைத் தொட்டாலும் வகுப்பெடுக்கிற மனிதர், தன் வீட்டுச் சாவியைப் பழைய வேலையிடத்து மேசையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். புஷ்பவள்ளிக்குச் சிரிப்பு வந்தது. காமினியின் நினைப்பு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. மறுநாள் காலை ஷர்மினியின் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். 'பிள்ளைகள் கையில் திரை: பெற்றோர் கையில் கட்டுப்பாடு' என்ற தலைப்பில் திருநாவுக்கரசு பேசுகிறார். சங்கத் தலைவர் பழனியப்பன் அழைத்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"நாளைக்கு அந்தப் பேச்சு வேணுமா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஏன் வேணாம்? நம்பருக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்?"

ஞாயிறு விடிந்ததும் புது நாளுக்கான நேரம் விழுந்து கைப்பேசி தானாகத் திறந்துகொண்டது. காமினியிடமிருந்து வரிசையாகச் செய்திகள். சேலைப் படம். 'அக்கா?' 'அக்கா பாத்தீங்களா?' 'அக்கா பிஸியா?' கடைசியாக, 'பரவாலக்கா, அவங்க சொன்ன ஆளையே ஃபிக்ஸ் பண்ணிட்டோம். சாரி.' கத்தரிப்பூ நிறச் சேலை. மெல்லிய தங்கக் கரை. அதற்கு எப்படிக் கொண்டை போட்டிருப்பாள், எந்த நிறத்தில் பொட்டு வைத்திருப்பாள் என்று புஷ்பவள்ளியின் கண் தன் பாட்டுக்கு வேலை செய்தது. பிறகு கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு காடியில் ஏறினாள். வழி முழுக்க அவர் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

பள்ளி மண்டபத்தில் நல்ல கூட்டம். பேச்சு முடிந்ததும் சாப்பிட மீகூன் நூடுல்ஸ் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். திருநாவுக்கரசு மேடையேறினார். குரலைத் தாழ்த்தினார், உயர்த்தினார், கையை விரித்தார். நம் அனுமதியில்லாமல் நம் பிள்ளை ஒரு பொத்தானைக்கூடத் தொடக்கூடாது என்றார். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மட்டும்தான் இந்தச் செயலி கண்காணிக்கும், பெரியவர்களை ஏற்காது, அந்த அளவுக்கு ஒழுங்கான செயலி என்று சான்றிதழும் கொடுத்தார். தாய்மார்கள் தலையாட்டினார்கள். பழனியப்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"சார், வாயால சொன்னா எப்படி? உங்க ஃபோன ப்ரொஜெக்டர்ல போட்டு லைவா ஒருக்கா காட்டுங்க லா!"

வேறு மனிதராயிருந்தால் இன்றைக்கு முடியாது என்று சொல்லித் தப்பியிருப்பார். திருநாவுக்கரசு தயங்கினார், ஆனால் அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்வதற்கு வேறொரு தொண்டை வேண்டும். பார்க்க எண் தேவையில்லை, மாற்றத்தான் எண் வேண்டும், காட்டிவிட்டு மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். வயரைச் சொருகினார்.

சுவர் நிறையத் திரை விழுந்தது. மேலே 'என் பிள்ளைகள்' என்ற தலைப்பு. அதன் கீழே இரண்டு வட்டங்கள். முதல் வட்டத்தில் ஒரு பூனைப் படம்: ஷர்மினி, வயது பன்னிரண்டு. இரண்டாவது வட்டத்தில் ஒரு முயல்: புஷ்பவள்ளி, வயது பதினொன்று. உறங்கும் நேரம் இரவு எட்டு மணி.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு தாய் வெள்ளந்தியாகக் கேட்டாள். "சார், அந்தப் புஷ்பவள்ளி உங்க சின்ன மகளா? எந்த வகுப்பு?"

திருநாவுக்கரசு வயரைப் பிடித்து இழுத்தார். அவசரத்தில் தப்பான வயர். ஒலிபெருக்கி அணைந்தது, படம் அப்படியே நின்றது. "அது... சும்மா டெஸ்ட் அக்கவுண்டு" என்றார்.

புஷ்பவள்ளி அந்த முயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டியது தெரியும். பூட்டுவதற்காகத் தான் பெற்ற மகளுக்கே தன்னை இளையவளாக்கிய கதை அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. பெரியவள் என்று போட்டால் செயலி அவளுடைய சம்மதத்தைக் கேட்டிருக்கும். ஒரு வார்த்தை அவளைக் கேட்பதைவிட, முப்பது வருடத்தை அழிப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. முயலை எந்த நேரத்தில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார் என்று நினைத்தாள். அந்த முயல்தான் அவளை எழுப்பிவிட்டது.

"டெஸ்ட் அக்கவுண்டு இல்லைங்க. நான்தான் புஷ்பவள்ளி" என்றாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை. "இந்தப் பதினொரு வயசுப் பிள்ளைக்கு நேத்து ஒரு நிச்சயதார்த்த வேல போச்சு. ஏன்னா அப்பாவுக்கு நம்பர் மறந்துபோச்சு."

யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான், சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. தலையாட்டிய தாய்மார்களே அதிகம் சிரித்தார்கள். பழனியப்பன் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப்போய்ப் புரையேறி இருமினார்.

"புஷ்பா, உக்காரு. வீட்டுல பேசிக்கலாம்" என்றார் திருநாவுக்கரசு பல்லைக் கடித்துக்கொண்டு.

"வீட்டுல பேச எட்டு மணிக்குமேல எனக்கு நேரமில்லைங்க. தூங்கணும்" என்றாள்.

மீகூன் சாப்பிடாமல் வந்துவிட்டார்கள். அவர் வழி நெடுகப் பேசினார். மானத்தை வாங்கிவிட்டாயாம். உன் பாதுகாப்புக்காகச் செய்தவனை நாலு பேர் முன்னால் கோமாளியாக்கிவிட்டாயாம். அந்தச் செயலியின் வடிவமைப்பே சரியில்லையாம். பெயரை அப்படிப் பெரிதாகவா காட்டுவது? பின்னால் உட்கார்ந்திருந்த ஷர்மினி கேட்டாள்: "ப்பா, அம்மாவுக்கு ஏன் முயல் போட்டீங்க?" அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவள்ளி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கைப்பேசியை முழுசாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒன்றுதான் வழி என்று ஐனாவின் அம்மா சொல்லியிருந்தாள். அழித்தால் அவள் அலங்கரித்த பெண்களின் படங்கள் எல்லாம் போய்விடும். வேறெங்கும் எடுத்து வைக்கவும் செயலி விடவில்லை. அவள் கொஞ்ச நேரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். வாடிக்கையாளர்களின் எண்களை மட்டும் ஒரு பழைய காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்கொண்டாள். பிறகு பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பிடித்தாள். திரை கறுத்து, வெளுத்து, புதிதாகப் பிறந்ததுபோல் வணக்கம் சொன்னது. பிறந்த வருடம் கேட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு என்று ஒவ்வோர் எண்ணாக, நிதானமாகத் தட்டினாள்.

"பெரிய தப்புப் பண்ற. நாளைக்கு ஏதாவது ஸ்கேம்ல மாட்டுனா எங்கிட்ட வராதே" என்றார் சோஃபாவிலிருந்து.

"வரமாட்டேன்" என்றாள். அதை அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

படங்கள் போனது வலித்தது. அந்த வாரம் பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஒரு வரி எழுதினாள்: உங்கள் கல்யாணப் படம் இருந்தால் அனுப்புங்கள். பலர் அனுப்பினார்கள். சிலர் இப்போது கையில் குழந்தையோடு எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். பள்ளி மண்டபத்தில் முதலில் சிரித்த பெண் தேடிப்பிடித்துக் கூப்பிட்டு, தங்கையின் கல்யாணத்துக்குத் தேதி கேட்டாள். பேச்சு எட்டு மணியைத் தாண்டி ஓடியது. திருநாவுக்கரசு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அவள் கைப்பேசியோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வார நாட்களில் அவர் எண் போட்டால்தான் திறக்கும் ஷர்மினியின் டேப்லெட் மட்டும் பூட்டியபடியே அலமாரிமேல் கிடந்தது. அதை அழிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை, புஷ்பவள்ளியிடம் கொடுக்கவும் வரவில்லை. கடைசியில் பள்ளியிலிருந்தே தொந்தரவு வந்தது, வீட்டுப்பாடம் எல்லாம் அதில்தான் என்று. ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கைப்பேசிக் கடைக்குப் போனார். திரும்பி வந்த ஷர்மினி நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு அம்மாவின் காதருகில் வந்தாள்.

"அம்மா, அப்பா கடையில என்ன சொன்னாங்க தெரியுமா? 'என் வைஃப்தான் நம்பர மறந்துட்டாங்க, அவங்களுக்கு இதெல்லாம் சொன்னா புரியாது'ன்னு."

புஷ்பவள்ளி அடுப்பை அணைத்தாள். கூடத்தில் அவர் டேப்லெட்டுக்குப் புது எண் போட்டுக்கொண்டிருந்தார், உள்ளங்கையைக் கவிழ்த்துக்கொண்டு. அங்கே எட்டிப் பார்க்க யாரும் இல்லை.