ஒரு மரத்தையும் விட்டதில்ல

1

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பிரமிளா அந்தக் காணொளியைப் போட்டாள். இந்தக் கதை அதிலிருந்து வரவில்லை. அதன் கீழே யாரோ எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது.

காணொளியில் அவள் அம்மா செல்லாயி, மலேசியாவின் ஈப்போ நகரத்து அடுக்குமாடி வீட்டில் வெங்காயம் உரித்தபடி சிரிக்கிறார். “நாப்பது வருஷம் பீடோர்ல மரம் வெட்டினேன். ஒரு மரத்தையும் விட்டதில்ல.”

திங்கள் விடிவதற்குள் அது கடல் தாண்டிவிட்டது. அந்த வரி: “காட்டையே அழிச்சுட்டுச் சிரிக்குது பாரு கிழவி.”

2

[இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். பீடோர் போன்ற ஊர்களின் ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது. மரம் சாகாது. தன் பங்கில் ஒன்றைக்கூடச் சீவாமல் விட்டதில்லை என்பது அவர் பெருமை.]

இதை எடுத்துவிட நினைத்தேன். விளக்கம் வந்ததும் கதை படுத்துவிடுகிறது. பிரமிளாவுக்கும் அதுதான் நடந்தது. இதையே சொல்லி இன்னொரு காணொளி போட்டாள். சொந்தக்காரர்கள்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

3

எது பரவும், எது பரவாது என்று ஒரு பத்தி தொடங்கினேன். ‘மனிதர்கள் பகிர்வது செய்தியை அல்ல, தங்கள்’

வேண்டாம். கைப்பேசிக் கடையில் வேலை செய்யும் கோகிலன், பிரமிளாவின் பக்கத்து வீட்டுக்காரன், அவளிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டான்.

“அழிச்சிடாதீங்கக்கா. திட்ட வாரவன் சும்மா வர மாட்டான், நாலு பேரக் கூட்டிட்டு வருவான் லா.”

“எங்கம்மாவத் திட்டுறாங்கடா.”

“என் கடை வீடியோவ எங்கம்மாவே பாக்கல. நீங்க குடுத்து வச்சவங்க.”

பிரமிளா சிரிக்கவில்லை.

4

முதல் முடிவு: அழித்துவிடுகிறாள். ஆனால் செல்லாயி அதற்குள் மாடி மாடியாகச் சொல்லி வந்துவிட்டார். ஏன் காணோம் என்று கேட்பார்.

இரண்டாவது: திட்டியவர் மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

மூன்றாவதற்கு எனக்குத் தெம்பில்லை. பிரமிளாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

செவ்வாய் மதியம். செல்லாயிக்குக் கண்ணில் புரை. திரையில் தன் முகம் தெரிகிறது, எழுத்தைப் படிக்க முடியவில்லை. நல்ல சேலைக்கு மாறியிருக்கிறார். மகளிடம் கைப்பேசியை நீட்டுகிறார்.

“கீழ இறங்க இறங்க எழுத்தாவே போவுது. தோட்டத்துல தொரைகூட என் வேலையப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல.”

பிரமிளாவின் கட்டைவிரல் திரைக்கு மேலே நிற்கிறது.

“என்னா எழுதியிருக்காங்க? சத்தமா படி லா.”