கேதம் சொல்லும் ஆப்

1

இதைச் சிரிப்புக் கதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிற ஒருவர் வீட்டு வாசலில் சொந்தபந்தமெல்லாம் மாலையும் கையுமாக வந்து இறங்கிய சங்கதி. தேனி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரோ யாருக்கோ சொல்ல, நான் ஒட்டுக்கேட்டது. சொன்னவர் சிரித்தார், கேட்டவர் சிரித்தார், எனக்கு டீ புரையேறியது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவர் செத்துவிட்டதாகப் போனில் செய்தியைத் தட்டிவிட்டவன் அன்றைக்கு எப்படிச் சோறு தின்றிருப்பான் என்று தோன்றியது. சிரிப்பு அத்தோடு சரி.

முதல் வரி இப்படி வந்தது: "தொழில்நுட்பம் மனித உறவுகளை எவ்வாறு—" வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கு அனுப்புகிற வாக்கியம்.

இரண்டாவது: "கோம்பையில் விஜயகுமாருக்கு ஒரு பிளெக்ஸ் கடை இருந்தது." இது போதும்.

2

கோம்பையில் விஜயகுமாருக்கு ஒரு பிளெக்ஸ் கடை இருந்தது. காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் அடிப்பான் என்றாலும் சோறு போட்டது கண்ணீர் அஞ்சலிதான். படம் வாங்கி, அடித்து, தெருமுனையில் கட்டுவதற்குள் பாதி சொந்தம் சுடுகாட்டிலிருந்து திரும்பியிருக்கும். அப்போதுதான் அவனுக்குக் கேதம் சொல்ல ஓர் ஆப் செய்தால் என்ன என்று பட்டது.

(இழவுச் செய்தியை இந்தப் பக்கம் கேதம் என்பார்கள். அதை ஆள் விட்டுத்தான் சொல்ல வேண்டும். போனில் மட்டும் சொன்னால், மதிக்கவில்லை என்று வராமலே இருந்துவிடுகிற சொந்தங்கள் உண்டு. இது பின்னால் வேண்டியிருக்கும்.)

அவனுக்கு புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் 'நிறுவனர்' என்று விசிட்டிங் கார்டு அடித்து முடித்திருந்தான், சொந்தக் கடைதானே. மதுரையில் ஒரு கம்பெனியைக் கேட்டான். அவர்கள் சொன்ன தொகைக்குக் கடையை எழுதிக் கொடுத்தாலும் காணாது. கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தால் தானாக ஆப் ஆகிவிடும் என்று ஒரு இணையதளம் சொன்னது. அது போக, கூடப் படித்த உத்தமபாளையம் ரபீக் இருந்தான். பெங்களூரில் இந்த வேலையே பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன்.

"இழுத்து வச்சே செய்யி மாப்ள, தப்பில்ல," என்றான் ரபீக். "ஆனா ஊரு போனுக்குப் போற ஆப் ஒண்ணு, நாம மட்டும் சோதிச்சு ஒடச்சுப் பாக்குறது ஒண்ணுன்னு ரெண்டு தனித்தனியா வேணும். அது தெரியாமப் பட்டனத் தொட்டுறாத. நான் கூட நிக்கிறேன், பாதிப் பங்கு குடு."

பாதிப் பங்கு என்றால் கார்டில் இன்னொரு பெயர் ஏறும். விஜயகுமார் தலையை ஆட்டிவிட்டு வந்து தனியாகவே இழுத்து வைத்தான்.*

* முந்தைய பிரதியில் ரபீக்கைப் பேராசைக்காரனாக எழுதியிருந்தேன், விஜயகுமார் செய்தது நியாயமாகத் தெரியட்டும் என்று. அடித்துவிட்டேன். ரபீக் சொன்னது சரி. ஆசை இவனுக்குத்தான், பெயர் மேல்.

3

வெள்ளோட்டத்துக்காகச் சொந்தக்காரர்கள் போனிலெல்லாம் ஆப்பை அவனே ஏற்றிவிட்டிருந்தான். மாதிரிக்கு ஒரு அறிவிப்பு செய்து பார்க்க வேண்டும். யார் பெயரைப் போடுவது? தன் பெயருக்கு மனம் வரவில்லை. அப்பா பெயரை நினைக்கவே கூசியது. ஆனால் விரல் தயங்காமல் தட்டிய பெயர் ஒன்று இருந்தது: சுருளியாண்டி, ஜெயமங்கலம்.

சுருளியாண்டி அவன் பெரியப்பா, அப்பா சீனிச்சாமியின் கூடப்பிறந்த அண்ணன். விஜயகுமார் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் போடாமல் விட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. ஏன் விட்டார்கள் என்பதற்கு இரண்டு வீட்டிலும் இரண்டு கதை உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

படம், குலசாமி கோயிலில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்றது. அதிலிருந்து அப்பாவை நறுக்கி எடுத்தான். அண்ணன் தோளில் கிடந்த அப்பாவின் கை மட்டும் நறுக்கில் போகவில்லை. மாதிரிதானே என்று விட்டுவிட்டான்.

(இந்த இடத்தில் எனக்கும் சாகடிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. சுருளியாண்டி என்பது நான் இரண்டாவதாகப் போட்டது. முதலில் தட்டியது என் சொந்தத்தில் ஒருவர் பெயர். தட்டியபோது எனக்கு ஒன்றுமே செய்யவில்லை. அதற்குப் பிறகு விஜயகுமாரைக் கேலி செய்ய வாய் வரவில்லை.)

தன் திரையில் மட்டும் தெரியும் என்று நினைத்து, வெளியிடுகிற பட்டனை அமுக்கினான். அவன் போன் ஒலித்தது. முன்னறையில் அப்பாவின் போனும் ஒலித்தது.

4

உடனே அழித்தான். அதற்குள் செய்தி வாட்ஸ்அப்பில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. எல்லாரையும் கூப்பிட்டு, பொய் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு முதலில் 'நான்தான்' என்று சொல்லியாக வேண்டும். போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

முன்னறைக்கு வந்தால், அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கெளம்புறீகளாப்பா?"

"ஆளு வரட்டும். பேச்சில்லாத வீடு. ஒரு ஆளு வந்து ஒரு வார்த்த சொல்லாம எப்பிடிப் போயி நிக்கிறது?" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுப்பப் பத்த வைக்க வேணாம்னு சொல்லு. பங்காளி வீட்டுக் கேதம்," என்றார்.

தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். விஜயகுமார் பக்கத்திலேயே நின்றான். 'அப்பா, அது—' என்று அவன் ஆரம்பித்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவன் ஆரம்பிக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

பொழுது சாயும்போது வடுகபட்டியிலிருந்து அப்பாவின் தங்கை கஸ்தூரியம்மாள் அவருக்குப் போன் போட்டாள். "ஏண்ணே, மாலையோட போயி எறங்குறோம், பெரியண்ணன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நிக்கிறாக. எந்தக் கட்டையில போறவன் இதப் போட்டான்?"

அப்பா போனை வைத்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மகன் பக்கம் பார்க்காமல் உள்ளே போனார்.

5

மறுநாள் ஜெயமங்கலம் போனான். தொழுவத்து ஓரம் மாலைகள் குவிந்து கிடந்தன. நேரே போய்ப் பெரியப்பா காலில் விழுந்து, நான்தான் என்றான்.

"எந்திரிலே," என்றார் அவர். "கல்யாணப் பத்திரிகையில பேரு போட எடமில்ல. இதுலயாச்சும் போட்டியே."

கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. விஜயகுமாருக்கு நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவர் போனை எடுத்து, யாரோ அனுப்பியிருந்த அந்த அறிவிப்பை அவன் முன்னால் நீட்டினார்.

"எல்லாரும் வந்தாக. மொகங்குடுத்துப் பேசாதவுக கூட வந்து அழுதாக. இந்தத் தோள்ல ஒரு கை கெடக்குல்ல? இந்தக் கை மட்டும் வரல. ஏன்லே?"

6

முடிவு ஒன்று. "அது பொய்னு அப்பாட்ட அப்பவே சொல்லிட்டேன் பெரியப்பா." எல்லார் மானமும் தப்பியது, விஜயகுமார் கூடக் கொஞ்சம் யோக்கியனாகத் தெரிகிறான். ஆனால் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மனிதர் இல்லாமலே போய்விடுகிறார்.

முடிவு இரண்டு. உள்ளதைச் சொல்கிறான். அப்பா பட்டினியாகக் காத்திருந்ததையும், தான் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காமல் நின்றதையும். அழுததை அண்ணனிடம் சொல்லிவிட்டான் என்று தெரிந்தால் அப்பா இவன் முகத்தில் விழிப்பாரா என்பதை என்னால் எழுத முடியவில்லை.

முடிவு மூன்று. அந்த நேரம் பார்த்து ரபீக் பைக்கில்— இல்லை.

என் பிரதியில் விஜயகுமார் இன்னும் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். பெரியப்பா நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது. ஒன்றை எழுதி முடித்து அனுப்பிவிடலாம்தான். ஆனால் இப்படிப்பட்ட சேதியை உட்கார்ந்த இடத்திலிருந்து தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. இதற்கு ஆள்தான் போக வேண்டும், படித்துக்கொண்டிருக்கிற நீங்கள். பெரியகுளத்திலிருந்து ஜெயமங்கலத்துக்குப் பஸ் இருக்கிறது. சுருளியாண்டி வீடு என்றால் இப்போது யாரும் காட்டுவார்கள். 'உங்கள் தம்பி சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்' என்று அவரிடம் சொல்வதோ சொல்லாமல் வருவதோ உங்கள் பாடு. மாலை எதுவும் வாங்கிப் போக வேண்டாம்.