அடுப்பு ஏறாத புட்டிங்

அந்த ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் அவளை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்பளை மாஸ்டர்கள் மூன்று பேர் வந்து மூன்று பேரும் ஓடிப்போன இடம் அது. இருநூறு நோயாளிக்கு உப்பைக் குறைத்து, எண்ணெயைக் குறைத்து, அப்படியும் தட்டு காலியாகத் திரும்பி வரும்படி சமைக்கிறவள் இவள் ஒருத்திதான். அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து, பெற்ற பெண், பத்து வயசு வாண்டு, போன சனிக்கிழமை என்ன சொன்னது தெரியுமா?

"சித்தி ஒரு புட்டிங் செய்வாங்கம்மா. சியா விதை போட்டு. அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க. அவ்ளோ நல்லா இருக்கும்."

சித்தி என்றால் வேறு யார்? இவளுக்குப் புருஷனாக இருந்தவன் இப்போது கட்டிக்கொண்டிருப்பவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. முட்டைகூட அவிக்கத் தெரியாதாம், அதுவும் குட்டி சொன்னதுதான். மூன்று வருஷமாகக் குட்டி வாரம் முழுக்க அங்கே, சனி ஞாயிறு மட்டும் இங்கே. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். துணிமணி அவள் வாங்கட்டும், ஜடை அவள் பின்னட்டும், சாப்பாட்டு விஷயத்தில் என் பக்கத்தில் வர முடியுமா என்று ஒரு தெம்பு. இப்போது அந்தத் தெம்பிலும் மண் விழுந்தது.

போதாததற்குப் புதன்கிழமை அவன் போன் பண்ணினான். "பெரிய லீவு ஒரு மாசம் வருது. எங்க இருக்கணும்னு அவளே சொல்லட்டும். சனிக்கிழமை நீயே கேட்டுச் சொல்லிடு."

நீயே கேளு என்கிறான். பதில் என்ன என்று தெரிந்தவன்தானே அப்படிச் சொல்வான்? அன்றைக்கு ஆஸ்பத்திரி சூப்பில் மிளகு ஒரு பிடி கூடிப்போய், வார்டில் பாதிப் பேர் இருமினார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போதே சியா விதை ஒரு பாக்கெட் வாங்கிவிட்டாள். கசகசாவுக்குக் கறுப்புச் சாயம் அடித்த மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பவிசு? பாக்கெட் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தாள். ஒரு கப் பால், நாலு ஸ்பூன் விதை, கொஞ்சம் தேன். கலக்கி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி கலக்கி, ஃப்ரிட்ஜில் வை. அவ்வளவுதான். பழம் உன் இஷ்டம்.

அவள் மாம்பழம் போடுகிறாளாம். போடட்டும். மாம்பழம் போட்டால் எதுதான் நன்றாக இருக்காது? அதில் என்ன கெட்டிக்காரத்தனம்? மாஸ்டர் நல்ல பழுத்த அன்னாசியாகப் பார்த்து வாங்கி, கண்ணெல்லாம் நோண்டி எடுத்து, பொடிசாக நறுக்கிப் பாலில் போட்டுக் கலந்தாள்.

இருபது வருஷமாக அவளுக்கு ஒரு பழக்கம். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். பார்க்காமல் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை. இதுவோ அடுப்பில் ஏறவே இல்லை. ஏறாததை எங்கே இறக்குவது? கிண்ணம் நேராக ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டது. ருசி பார்க்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் குட்டி வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் கிண்ணம் மேஜைக்கு வந்துவிட்டது. முதல் ஸ்பூன் வாயில் போனதும் கொஞ்சம் நிதானித்தாள். அப்புறம் விழுங்கினாள்.

"எப்படி?"

"நல்லா இருக்கும்மா."

"அவங்க செய்றதை விடவா?"

"ம்."

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. சூட்டோடு சூடாகக் கேட்டுவிட வேண்டியதுதான். "சரி, லீவுக்கு எங்க இருக்கப்போறே? இங்கயா, அங்கயா?"

"எங்கனாலும் சரிம்மா."

"உனக்கு எங்க பிடிக்குது?"

"ரெண்டும்தான்."

இதென்ன பதில்? மாஸ்டர் எதிரே உட்கார்ந்தாள். குட்டி ஒரு வாய் சாப்பிட்டாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். மறுபடி ஒரு வாய், ஒரு மடக்கு. மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பிடிக்காததை நர்ஸுக்குப் பயந்து நோயாளிகள் இப்படித்தான் உள்ளே தள்ளுவார்கள். இருபது வருஷமாகப் பார்த்த காட்சி.

ஸ்பூனைப் பிடுங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கசப்பு. நாக்கு முழுக்கக் கசப்பு. வேகவைக்காத அன்னாசி ராத்திரி முழுக்கப் பாலோடு கிடந்தால் வேறு என்ன ஆகும்? அடுப்பில் ஒரு கொதி விட்டுப் போட்டிருந்தால் வந்திருக்காது. அவளுக்குத் தெரியாத விஷயமா? வயிற்றெரிச்சலில் மறந்து தொலைத்தாள்.

"கசக்குதுன்னு சொன்னா என்னடி?"

குட்டி கிண்ணத்தையே பார்த்தாள். "சித்தி முதல் தடவை செஞ்சப்பவும் அன்னாசிதாம்மா. இப்படியேதான் கசந்துச்சு. நான் முழுசா சாப்பிட்டேன். அதனால மறுநாளும் அதையே செஞ்சாங்க. அப்புறம் அப்பா ஒரு வாய் வச்சுத் துப்பினாரு. அதுக்கப்புறம்தான் மாம்பழம்."

"ரெண்டு நாளும் நீ சாப்பிட்டியா?"

"அவங்க அழுதுடுவாங்கன்னு."

"நான்?"

குட்டி தண்ணீருக்குக் கை நீட்டினாள். கன்னத்தில் ஒரு வாய் புட்டிங் இன்னும் அப்படியே இருந்தது.

மாஸ்டர் உள்ளங்கையை அவள் வாய்க்குக் கீழே நீட்டினாள். "துப்பு. அங்க எப்படியோ இருந்துக்கோ. இங்க பிடிக்கலைன்னா துப்பலாம்."

குட்டி துப்பினாள். பெரிய மூச்சாக ஒன்று விட்டாள். அந்த முகத்தைப் பார்க்க மாஸ்டருக்கு அப்படி ஒரு நிறைவு. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

"இப்ப நிஜத்தைச் சொல்லு. லீவுக்கு எங்க?"

குட்டி வாயைத் துடைத்துக்கொண்டாள். "அங்கம்மா. மேல் வீட்டுல நாய் குட்டி போட்டிருக்கு. நீ பகல் முழுக்க ஆஸ்பத்திரில இருப்பே, நான் தனியா இருக்கணும்." கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை எல்லாம் இங்க வரேன்," என்றாள்.

மாஸ்டருக்கு அந்தக் கண்ணாடிக் கடைக்காரியின் மேல், பிறந்து பத்து நாள்கூட ஆகாத அந்த நாய்க்குட்டியின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது. வேண்டாம்டி, இங்கேயே இரு என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் துப்பச் சொன்னது யார்? கை இன்னும் பிசுபிசுவென்று ஈரமாகத்தான் இருந்தது.

கையைக் கழுவினாள். கிண்ணத்தைக் கவிழ்த்தாள்.

"சரி, அங்கயே இரு," என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, குட்டிக்கு முட்டை பொரிக்க ஆரம்பித்தாள்.