இரண்டு தட்டு

விசிறியை விடிகாலை நாலே முக்காலுக்கு நிறுத்தினால் ஏழரைக்குத்தான் மறுபடியும் போட வேண்டும். அந்த இடத்தின் சட்டம் அது. விசிறி ஓடினால் மைக்கில் இரைச்சல் விழும். ஏசி ஓடினாலும் விழும் என்று சொல்லி முதலாளி சக்கரவர்த்தி ஏசியைத் தன் அறையில் மட்டும் மாட்டியிருந்தார். அவர் வருவது ஒன்பது மணிக்கு.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் புதிதாக முளைத்த வீடுகளில் ஒன்றின் மாடி அது. கல்லூரிப் பேராசிரியர்கள் அனுப்பும் ஸ்லைடுகளுக்குக் குரல் கொடுத்து, ஆன்லைன் பாடமாக்கி, பெரிய பெரிய பல்கலைக்கழகங்களுக்கு விற்பது தொழில். ஸ்லைடில் நாலு வரி இருக்கும். 'இரண்டாம் விதி, விளக்கம், உதாரணம்' என்று இருக்கும். விளக்கமும் இருக்காது, உதாரணமும் இருக்காது. இரண்டையும் முந்தின நாள் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் உட்கார்ந்து எழுத வேண்டும். மறுநாள் விடிகாலையில், ரோட்டில் பஸ் ஓடத் தொடங்குவதற்குள், நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் வீடியோவின் மூலையில் கோட்டு போட்ட பேராசிரியரின் படம் வந்து உட்காரும். குரல் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை.

வாசிப்பதற்கு மூன்று கேபின்கள். பிளைவுட்டில் அடித்த பெட்டிகள். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மைக். சுவரெல்லாம் முட்டை அட்டை, அதன்மேல் ஸ்பாஞ்ச். அந்த ஸ்பாஞ்ச் மூன்று வருஷத்து வியர்வையைக் குடித்திருந்தது; கதவைத் திறந்தால் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றம் வரும். கதவு ஈரத்தில் ஊதிப்போய்ச் சரியாக மூடாததால் சக்கரவர்த்தி வெளிப்பக்கம் தாழ்ப்பாள் அடித்திருந்தார். உள்ளே ஆளைவிட்டு, கதவை அழுத்தி, வெளியே தாழ்போட்டால் சத்தம் கசியாது. செல்போனும் உள்ளே கூடாது.

வாசிக்கும்போது தப்பு வந்தால் மேஜையை இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வெளியே கம்ப்யூட்டர் திரையில் ஆளுக்கொரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருக்கும். தட்டிய இடத்தில் கோட்டில் இரண்டு முள் எழும்பும். வெளியே காவல் இருப்பவள் அந்த நேரத்தைப் பிழை நோட்டில் குறித்துக்கொள்வாள். பிறகு அங்கே வெட்டி ஒட்டினால் தப்பு இருந்த தடமே தெரியாது.

அந்த வியாழக்கிழமை காவல் முறை கவிநிலாவுடையது. கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. சிந்துஜா முதல் கேபினில், பத்மஜா நடுக் கேபினில், அபிநயா கடைசியில். மூன்று தாழ்ப்பாளையும் கவிநிலாதான் போட்டாள்.

கவிநிலாவும் சிந்துஜாவும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரே ஊர். முதல் பஸ்ஸுக்கு ஏறினாலும் நேரத்துக்கு வர முடியாதென்று வேங்கிக்காலிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். "உங்க ரெண்டு பேரு வாயிலயும் கடலைக்கொல்லை வாசனை அடிக்குது. பத்மஜாவப் பாத்துக் கத்துக்கங்க" என்பார் சக்கரவர்த்தி. பத்மஜா கோயில் குருக்கள் வீட்டுப் பெண். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

கவிநிலா ஹெட்போனை மாட்டி முந்தின நாள் பாடத்தைத் திருத்திக்கொண்டே திரையில் ஒரு கண் வைத்திருந்தாள். ஐந்து நாற்பத்தொன்றுக்கு சிந்துஜாவின் கோட்டில் இரண்டு முள் எழும்பின. குறித்தாள். நாற்பத்திரண்டில் இன்னொரு ஜோடி. நாற்பத்து மூன்றில் இரண்டு ஜோடி. அதற்கப்புறம் அடுத்தடுத்து எழும்பிக்கொண்டே இருந்தன. 'இன்னிக்கு இன்னா இப்படித் தப்பு தப்பாப் படிக்கிறா' என்று எரிச்சலோடு குறித்தாள். பிழை பத்தைத் தாண்டினால் பாடம் முழுவதையும் மறுநாள் மறுபடி வாசிக்க வேண்டும். சிந்துஜாவின் பெயருக்கு நேரே பதினாலு எழுதினாள்.

பிறகு கோடு படுத்துக்கொண்டது.

ஸ்லைடை மனசுக்குள் ஒருமுறை படித்துப் பார்க்கிறாள் போல என்று விட்டுவிட்டாள். மூன்று நிமிஷம் போனது. நாலாவது நிமிஷம் ஹெட்போனைக் கழற்றி எழுந்தாள். தாழ்ப்பாளை நீக்கியும் கதவு வரவில்லை. ஊதிய கதவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது, அதன்மேல் சாய்ந்து கிடந்த சிந்துஜா அவள் கால்மீது சரிந்தாள். விழும்போது மேஜை விளிம்பில் தாடை அடித்து, பல்லுக்கு நடுவே நாக்கு அகப்பட்டிருந்தது. கழுத்து வரைக்கும் ரத்தம்.

போனில் சக்கரவர்த்தி தூக்கம் கலையாத குரலில் கேட்டார்: "உயிரு இருக்குதில்ல?"

"இருக்குது சார்."

"அப்ப ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ்னு கூப்பிட்டு ஊரைக் கூட்டாத. ஆட்டோ வெச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. கேட்டா ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லு."

கவிநிலா ஆஸ்பத்திரியில் அப்படியேதான் சொன்னாள். டாக்டர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். நாக்கில் எட்டுத் தையல். ஒரு மாதம் பேசக்கூடாது. அதற்கப்புறம் பேச்சு எப்படி வரும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும் என்றார்.

பத்தரை மணிக்குச் சுடிதாரில் காய்ந்த ரத்தத்தோடு திரும்பி வந்தவளைச் சக்கரவர்த்தி தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எத்தினி நிமிஷம் வந்திருக்குது?"

"இன்னா சார்?"

"அவ படிச்சது. எத்தினி நிமிஷம் தேறும்?"

"முப்பத்தொண்ணு."

"மிச்சம் ஒம்போது நிமிஷத்த பத்மஜாவ விட்டுப் படிக்கச் சொல்லு. தட்டினது முனகினது எல்லாத்தையும் வெட்டிடு. சாயங்காலம் அனுப்பியாவணும்."

"நாக்குல எட்டுத் தையல் போட்டிருக்காங்க சார்."

"பாவம்தான். காலையில ஒரு வாய் சாப்ட்டு வந்தா இன்னா? டிகிரி படிச்சவங்கதான நீங்கல்லாம்?" அவர் ஏசியைக் கொஞ்சம் கம்மி பண்ணினார். "வெட்டி முடிச்சிட்டு ஒரிஜினல் ஃபைல அழிச்சிடு. உன் சர்டிஃபிகேட் என் பீரோவுல பத்திரமா இருக்குது. அதையும் ஞாபகம் வெச்சிக்க."

கவிநிலாவின் குடும்பத்தில் வந்த முதல் பட்டம் அது. எலி கடித்துவிடுமென்று அம்மா பாஞ்சாலை அதைத் தகர டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தாள். அதைக் கேட்டு வாங்கி வந்து இவர் பீரோவுக்குள் வைத்தவள் கவிநிலாதான். அசலைக் கொடுத்தால்தான் வேலை என்றிருந்தார்.

அவள் போய் ஹெட்போனை மாட்டினாள். சிந்துஜாவின் ஃபைலை அன்றைக்கு முதல்முறையாகக் காதால் கேட்டாள்.

முதல் தட்டுக்கு முன்னால் குரல் நின்று நின்று வந்தது. "ஆகவே... ஒரு மூடிய அமைப்பில்..." நாற்காலி நகர்ந்தது. தட்டு விழுந்தது மேஜைமேல் அல்ல, கதவின்மேல். "அக்கா, மூச்சு முட்டுது. கதவத் தொற." மறுபடி இரண்டு. "அக்கா." மறுபடி இரண்டு. கவிநிலா குறித்து வைத்த ஒவ்வொரு நேரத்திலும் அவள் கூப்பிட்டிருக்கிறாள். ஒன்பதாவது ஜோடிக்குப் பிறகு தூரத்திலிருந்து வேறொரு தட்டு கேட்டது. இரண்டு தட்டு. அது சிந்துஜா தட்டியது அல்ல. உடனே சிந்துஜாவின் குரல், கிட்டத்தட்டச் சந்தோஷமாக: "அக்கா, வந்துட்டியா?"

அதற்கப்புறம் ஐந்து ஜோடி. பிறகு ஒற்றைத் தட்டு. பிறகு மைக் உருண்ட சத்தம்.

கவிநிலா வெட்டினாள். சொன்னபடி எல்லாவற்றையும் வெட்டினாள். சாயங்காலம் பாடம் போய்ச் சேர்ந்தது. ஒரிஜினலையும் அழித்தாள். ஆனால் வெட்டியெடுத்த துண்டுகளை வரிசை மாறாமல் ஒன்றோடொன்று ஒட்டித் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி வந்தது.

மறுநாள் அதைப் பத்மஜாவின் காதில் வைத்தபோது அவள் முதலில் தள்ளிவிட்டாள். "எனக்கெதுக்குடி இதெல்லாம்? ஆத்துல தெரிஞ்சா நாளையிலேர்ந்து வேலைக்கே அனுப்ப மாட்டா."

"ஒரு வாட்டி கேளு. அப்புறம் உன் இஷ்டம்."

ஒன்பதாவது ஜோடி தாண்டியதும் பத்மஜாவின் கை ஹெட்போனை அழுத்திப் பிடித்தது. அந்த இடத்தை மறுபடியும் போடச் சொன்னாள். மூன்றாவது முறை கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

"இது நான்" என்றாள்.

"எது?"

"அந்தத் தட்டு. பக்கத்துல சத்தம் கேட்டுண்டே இருந்தது. என் ரெக்கார்டிங்ல விழறதேன்னு எரிச்சல். சும்மா இருன்னு நானும் சுவத்துல தட்டினேன்." அவள் தன் கைவிரல்களைப் பார்த்தாள். "அவ ஆள் வந்துடுத்துன்னு நினைச்சிருக்கா."

கவிநிலா ஹெட்போனை வாங்கிச் சுருட்டினாள். அவளுக்கு ஆறுதல் சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லையென்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சிந்துஜாவை அறைக்கு அழைத்து வந்தார்கள். முகம் வீங்கியிருந்தது, ஸ்பூனால் கஞ்சியை ஊற்றினால் பாதி வெளியே வந்தது. கவிநிலா பிழை நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். "தப்புப் பண்றேன்னு நெனச்சி எழுதிக்கினே இருந்தேன்டி. காதக் குடுத்துக் கேக்கல" என்றாள். சிந்துஜா தன் பெயருக்கு நேரே இருந்த 'பிழை 14' என்பதை வெகுநேரம் பார்த்தாள். பேனாவை வாங்கி 'பிழை' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: 'கூப்பிட்டேன்'. எண்ணை மாற்றவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நாலு பேரையும் சக்கரவர்த்தி தன் அறைக்கு வரச் சொன்னார். மேஜைமேல் ஆரஞ்சுப் பழம் ஒரு பை. பக்கத்தில் டைப் அடித்த தாள்.

"வாம்மா சிந்துஜா. தேவலயா? பழம் உனக்குத்தான். ஜூஸ் போட்டுக் குடி." தாளை எடுத்தார். "படிக்கிறேன். கேட்டுட்டு ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்க. 'நிறுவனத்தின் ஒலிப்பதிவு அறைகளுக்கு வெளித்தாழ்ப்பாள் எதுவும் கிடையாது.' சந்தேகம்னா போய்ப் பாத்துட்டு வாங்க."

உள்ளே வரும்போதே பார்த்திருந்தார்கள். தாழ்ப்பாள்களைக் காணோம். திருகு ஓட்டைகளில் பட்டி அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

"'சிந்துஜா என்பவர் தமது உடல்நலக் குறைவை மறைத்துப் பணியில் சேர்ந்தார். சம்பவ தினத்தன்று தமது அறையில்...'"

சிந்துஜா அவர் மேஜைமேல் இரண்டு முறை தட்டினாள்.

சக்கரவர்த்தி நிமிர்ந்தார். "இன்னா?"

அவள் தாளைக் காட்டினாள். பேச முடியாது.

"'...சம்பவ தினத்தன்று தமது அறையில் வழுக்கி...'"

மறுபடி இரண்டு தட்டு. இந்த முறை பத்மஜா.

"இன்னா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல சார்" என்றாள் அபிநயா. "தப்பாப் படிச்சா தட்டணும். நீங்க வெச்ச சட்டம்தான? முதல்லேர்ந்து படிங்க."

"பத்மஜா, உங்கப்பாவ எனக்கு நல்லாத் தெரியும். நல்ல குடும்பத்துப் பொண்ணு. இவளுங்களோட சேந்து..."

பத்மஜா தட்டினாள். அவள் கண்ணில் நீர் நின்றது, ஆனால் தட்டியது பலமாக இருந்தது. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் யாரோ ஒருத்தி தட்டினாள். நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் இவர்களைப் படிக்கவைத்தவரால் ஒரு வரியை முடிக்க முடியவில்லை.

அவர் எழுந்துவிட்டார். "சர்டிஃபிகேட் வேணாமா உங்களுக்கு?"

"வேணும் சார்" என்றாள் கவிநிலா. "நீங்க அத வெச்சிக்கினு குடுக்கலன்றதையும் சேத்துத்தான் நேத்து நாலு பேரும் லேபர் ஆபீசருக்கு மனு எழுதியிருக்கோம். ஆஸ்பத்திரியில நான் பொய் சொன்னதையும் எழுதியிருக்கேன்."

"எழுதுங்க. ஆதாரம் இன்னா இருக்குது? ஃபைல அழிச்சிட்டதான?"

"ஃபைல அழிச்சிட்டேன். வெட்டினத அழிக்கல. அத நீங்க அழிக்கச் சொல்லல."

போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டாள். குளிரூட்டிய அந்த அறையில் பிளைவுட் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. 'அக்கா, வந்துட்டியா' என்ற இடம் வந்ததும் சிந்துஜா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பத்மஜா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சிந்துஜா அந்தக் கையைப் பார்த்தாள். உதறவில்லை.

சக்கரவர்த்தி பழப்பையை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்தார். "வெளிய போங்கடி. நாளைக்கே நாலு புதுப் பொண்ணுங்க வந்து உக்காருவாங்க. இல்லாட்டி மிஷினே படிக்கும். உங்க குரல் வெச்சே படிக்கும்."

"மிஷினுக்கு மூச்சு முட்டாது சார்" என்றாள் அபிநயா. "உங்க கேபினுக்கு அதுதான் ஏத்தது."

நாலு பேரும் மாடிப்படி இறங்கினார்கள். வேலை போய்விட்டது. சான்றிதழ் பீரோவுக்குள் இருக்கிறது. அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாது. பத்மஜா வீட்டில் இன்று என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரியாது. வெயில் அதற்குள் தோலை உரித்தது. கலெக்டர் ஆபீஸ் வளாகம் கூப்பிடு தூரம்தான். இரண்டு வருஷமாக அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தும் அவர்கள் உள்ளே போனதில்லை.

மனு கொடுக்க வந்த கூட்டத்தில் விசாரித்துத் தொழிலாளர் அதிகாரியின் அறையைக் கண்டுபிடித்தார்கள். கதவு சாத்தியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்ததும் நாலு பேரும் ஒரு கணம் நின்றுவிட்டார்கள்.

சிந்துஜா முன்னால் போய் இரண்டு முறை தட்டினாள்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "யாரும்மா? எத்தினி பேரு வந்திருக்கீங்க?"

கவிநிலா பதில் சொல்லத் திரும்பினாள். வராந்தாவின் அந்தக் கோடியில், அதே மாடிக்குச் சாயங்கால ஷிப்டுக்கு வரும் பெண்கள் இரண்டு பேர் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்கள். மனு கொடுக்கப் போகும் செய்தியோடு அந்த நாலு நிமிஷத்தை அபிநயா காலையிலேயே அவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். அவர்களுக்குப் பின்னால், அதே கேபின்களில் வாசித்துவிட்டுப் போன வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வேலையைவிட்டு நின்றுவிட்ட கவியா, இடுப்பில் குழந்தையோடு.

"எண்ணிச் சொல்றேன் சார்" என்றாள் கவிநிலா. "இன்னும் வந்துக்கினு இருக்காங்க."