தெப்பத்துக்குப் போன பிளாஸ்டிக் படகு

நீரை ஆண்டவனே நிலத்தையும் ஆள்வான் என்பது சரித்திரம் கல்லில் வெட்டி வைத்த உண்மை. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குமரகுருபரன், 1996-ல் நீரை ஆளப் புறப்பட்டார். அவர் ஆண்ட நீர், சேரன்மகாதேவிக்கு மேற்கே இருந்த அவருடைய ஊர்க்குளம். சித்திரை மாதத்தில் அதில் எருமை நடந்தே அக்கரை போய்விடும்.

திசையன்விளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், காற்று வாங்கலாமென்று கடற்கரைவரை போனார். அங்கே மணலில் ஒரு கறுப்புப் படகு கிடந்தது. தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனி ஒன்று, தொட்டிக்குப் போடும் அதே பிளாஸ்டிக்கை ஊற்றிச் செய்து பார்த்த மீன்பிடி படகு. மொட்டை மாடித் தொட்டியைப் படுக்கப் போட்டு வகிர்ந்த மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு ஒவ்வொரு மீன் அச்சிலேயே புடைத்து நின்றது. கடலுக்குப் போகிறவர்கள் அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். குமரகுருபரன் லாரி பிடித்தார்.

பரம்பரைச் சைவ வீட்டு வாசலில் மீன்பிடி படகு வந்து இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. அமாவாசைக்கு அமாவாசை வெங்காயமும் படியேறாத வீடு அது.

"இது எதுக்கு?" என்றாள் அவர் மனைவி சொர்ணாம்பாள்.

"மீன் புடிச்சாத்தான் அது மீன்பிடி படகு. புடிக்காட்டா வெறும் படகு."

"அப்ப வெறும் படகு எதுக்கு?"

"ஏட்டி, இது பிளாஸ்டிக்கு. நம்ம பேரன் காலத்துக்கும் இருக்கும்."

"எங்கன வேணும்னாலும் இருக்கட்டும். என் அடுக்களையில பித்தளை உண்டு, எவர்சில்வர் உண்டு. பிளாஸ்டிக்கும் கிடையாது, மண்சட்டியும் கிடையாது. வாசலோட நிக்கச் சொல்லுங்க."

குமரகுருபரன் படகை வாசலோடு நிறுத்தினார். பேச்சில் விட்டுக்கொடுப்பது அவருக்கு வழக்கமில்லை. முப்பது வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனிதர். யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் அவருக்கு உடம்பு கூசும். சாவு வீட்டில் செத்தவரின் வயதை ஒருத்தி கூட்டிச் சொல்லி அழுதபோது, ஒப்பாரியை நிறுத்தித் திருத்தியவர் அவர்.

படகை ஓட்டும் பொறுப்பு அடுத்த தெரு அப்பாத்துரைக்கு வந்தது. பாளையங்கோட்டையில் டிராயிங் வாத்தியாராக இருந்தவர். தூண்டில் போடுவதில் பிரியம். படகு இவருடையது, பாவம் அவருடையது என்று ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் குமரகுருபரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "படகு விஷயமாப் பேசணும்" என்று அப்பாத்துரை வீட்டுக்குப் போவார்.

"பிளாஸ்டிக்குல மரப்படகு மாதிரி உளுப்பு கிடையாது, செல்லு அரிக்காது, கீல் பூச வேண்டாம், துருவும் பிடிக்காது. என்ன குறைங்கேரு?" என்பார்.

"குறைன்னு ஒண்ணும் இல்ல வே. துடுப்பு லேசாப் பட்டாப் போதும், தவில் கணக்கா முழங்குது. குளத்து மீனெல்லாம் மடை வழியா அடுத்த ஊருக்குப் போயிட்டு."

"எடை இல்ல, அதைப் பாரும். ரெண்டு பேரு தலையில தூக்கிட்டுப் போயிரலாம்."

"காத்தும் தூக்கிட்டுப் போகுது. போன வாரம் நான் கிழக்க போகணும்னு தள்ளுதேன், அது மேக்க போய் வண்ணான் துறையில நிக்கி. பொம்பளையாளுவ என்னை என்ன நெனைச்சிருப்பாளுவ?"

"அது காத்தோட குத்தம். படகுக்கு என்ன செய்யும்?"

"சரி வே. வெயில்ல உக்காந்தா வேட்டியோட ஒட்டிக்கிடுது. அது யாரு குத்தம்? வேட்டியோடதா?"

உண்மை இதுதான்: மீன்பிடி படகு வந்த பிறகு அந்தக் குளத்தில் மீன் பிடிபடவே இல்லை. அப்பாத்துரையின் மனைவி சாலோமி, சைக்கிளில் ஐஸ்பெட்டி கட்டி வருகிறவனிடம் கடல்மீன் வாங்கத் தொடங்கினாள். படகு ஆராய்ச்சி எட்டு மணிக்கு முடியும். வீடு திரும்பும் குமரகுருபரனுக்கு இட்லியில் நாட்டமிருக்காது.

"அங்கன காப்பி குடிச்சது வயித்த அடைச்சுட்டு" என்பார்.

"ஒரு தம்ளர் காப்பியா?" என்பாள் சொர்ணாம்பாள். பிறகு இட்லித் தட்டை மூடி வைப்பாள்.

அந்தத் தை மாதம் கோயில் தெப்பத்துக்கு இடைஞ்சல் வந்தது. தெப்பத்தைத் தாங்குகிற இரும்புப் பீப்பாய்கள் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டன. வழக்கப்படி தெப்பம் கொடுக்கிறவருக்குத்தான் பரிவட்டம். சுவாமிக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டி, மேளத்தோடு ரதவீதி சுற்றி வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். குமரகுருபரன் இருபது வருடமாக அடுத்தவர் தலையில்தான் அதைப் பார்த்திருக்கிறார். சர்வீஸில் இருந்தவரை வரப்போரம் நின்றவர்கள் துண்டை இடுப்பில் கட்டினார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் எல்லாத் துண்டும் தோளுக்கு ஏறிவிட்டது. அந்தப் பட்டு ஒரு தரம் தன் தலையில் ஏறிவிட்டால் போதும், பிறகு கண்ணை மூடலாம் என்றிருந்தார்.

தர்மகர்த்தா சிவசண்முகம் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், "என் படகை எடுத்துக்கிடுங்க" என்றார்.

"சந்தோசம். அது மீன்பிடி படகுன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கே வே?"

"மீன்பிடி படகா? இன்னைத் தேதி வரைக்கும் அதுல ஒரு மீனு ஏறுனதில்ல. சாமி சத்தியமாச் சொல்லுதேன்."

சத்தியத்தில் பிழை இல்லை. மீதி இருந்தது, அந்தப் புடைத்த மீன்கள். அவற்றை மறைக்க அப்பாத்துரை இரண்டு நாள் உட்கார்ந்து, படகு முழுக்க வெள்ளை பெயிண்ட் பூசி அன்னப்பறவையாக்கினார். மீன் இருந்த இடத்தில் மடக்கிய இறக்கை வந்தது. செதில்களின் மேலேயே ஒவ்வொரு இறகாக வரைந்தார். இறகுகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்று குமரகுருபரன் திருத்தினார். பூச்சு இந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்குமா என்று மட்டும் இருவரும் யோசிக்கவில்லை.

தைப்பூசத்தன்று சாயங்காலம் கோயில் தெப்பக்குளத்தில் படகின் மேல் மூங்கில் மேடை கட்டி, பூப்பந்தல் போட்டு, சுவாமியையும் அம்பாளையும் எழுந்தருளச் செய்தார்கள். குமரகுருபரன் புது வேட்டியில், குளித்த ஈரம் காயாத தலையோடு முதல் படியில் நின்றார். தலை காலியாகத் தயாராக இருந்தது.

முதல் சுற்றில் அன்னம் அழகாகத்தான் போனது. இரண்டாம் சுற்றில் அதன் கழுத்தில் கொப்புளம் கிளம்பியது. மூன்றாம் சுற்று முடிந்து வடக்குப் படித்துறைக்கு வரும்போது, வெள்ளை பெயிண்ட் வாழை மட்டை உரிகிற மாதிரி ஒரே பாளமாக உரிந்து தண்ணீரில் இறங்கி, தனியாக மிதந்து போனது. அத்தனை தீவட்டி வெளிச்சத்திலும் கன்னங்கரேலென்று மீன் மின்னியது.

நாயனம் நின்றுவிட்டது. "ஏலே, மீனுலே" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, அது படிக்குப் படி ஏறிப் போனது. சிவசண்முகம் பரிவட்டப் பட்டைக் கையில் வைத்துக்கொண்டு குமரகுருபரனைப் பார்த்தார். குமரகுருபரன் கோபுரத்தைப் பார்த்தார்.

காப்பாற்றியவர் ஓதுவார் நமச்சிவாயம். "இதுக்கு ஏன் முழிக்கீய? சொக்கநாதரே செம்படவனா வந்து வலை வீசுனவர்தானே. இன்னைக்கு மீன்பிடி படகுல வரணும்னு அவருக்கு ஒரு ஆசை" என்று சொல்லிப் பதிகத்தை எடுத்தார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நாயனம் மறுபடி எழுந்தது. பத்தே நிமிடத்தில் அது தெய்வச் செயலாகிவிட்டது.

சிவசண்முகத்துக்கும் முகம் தெளிந்தது. பட்டை விரித்தார். குமரகுருபரன் தலையைக் குனிந்தார். இரண்டு சுற்றுச் சுற்றியாயிற்று. முடிச்சு ஒன்றுதான் பாக்கி. கட்டுகிற கை கட்டிக்கொண்டிருக்க, அண்ணாச்சி சும்மா பேச்சுக்குச் சொன்னார்:

"நமக்கு இதெல்லாம் எங்க தெரியுது. சாளை மீனு போலிருக்கு."

குமரகுருபரனுக்கு உடம்பு கூசியது. பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"சாளை ஒரு சாண்கூட வராது அண்ணாச்சி. இது பாறை. வால்கிட்ட சொரசொரன்னு முள்ளு வரிசை ஓடுது பாருங்க, அதான் அடையாளம். மாங்கா போட்டு மண்சட்டியில வச்சா, அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மறுநாத்தான் ருசி எறங்கும்."

சிவசண்முகத்தின் கை நின்றது. ஓதுவாரும் பதிகத்தைப் பாதியில் விட்டார். படித்துறைக்கு வெளியே வேடிக்கை பார்த்தவர்களோடு நின்ற அப்பாத்துரை, பைய ஒரு தூணுக்குப் பின்னால் போனார்.

"மண்சட்டியிலயா?" என்றார் சிவசண்முகம்.

பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் சொர்ணாம்பாள் பக்கம் திரும்பியது. அவள் திருநீற்றை எடுத்து நிதானமாக நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

சுற்றிய பட்டு இரண்டு சுற்றும் பிரிந்து, அந்த வருடம் ஓதுவார் நமச்சிவாயத்தின் தலைக்குப் போனது. சொர்ணாம்பாளின் அடுக்களையில் மண்சட்டி கிடையாது.