கறை இல்லாத படங்கள்

என் மனைவியின் தலையை ஸ்கேன் எடுத்து ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எழுத்து ரிப்போர்ட் வர இன்னும் சில நாளாகும். பெரிய டாக்டரோ அன்று மாலை ரயிலில் ஒரு மாத விடுப்பில் கிளம்புகிறார். அதற்குள் நாலைந்து படத்தைப் போனில் அனுப்பினால், உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா, அவர் திரும்பும்வரை காத்திருக்கலாமா என்று பார்த்துச் சொல்வார் என்றார் உதவியாளர் அம்மா.

குடோனில் மூட்டை இறக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு மச்சினன் கடைக்குப் போனேன். அவன் செல்போன் ரிப்பேர் பார்ப்பவன். கடைக் கம்ப்யூட்டரில் விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருக்கிறான். வைரஸ் அண்டாது என்று சொல்லிச் சொல்லியே வருகிறவர்கள் காதைப் புளிக்க வைப்பான்.

சிடியில் படம் காட்டும் புரோகிராம் ஒன்று இருந்தது. அது விண்டோசுக்குச் செய்தது, இங்கே ஓடாது என்றான். உள்ளே போனால் வால் இல்லாத பெயர்களோடு ஃபைல்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றைத் திறந்தான். இது என்ன வகை என்றே தெரியவில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது. போட்டோவுக்கு உண்டான மூன்று எழுத்தைப் பெயருக்குப் பின்னால் ஒட்டிப் பார்த்தான். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா? அதே பதில்தான்.

இன்டர்நெட்டில் தேடி ஏதோ கட்டளை அடித்தான். இந்த முறை திறந்தது. முழுக்கக் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு.

"என்னடா, உள்ள ஒண்ணுமே இல்லையா?" என்றாள் என் மனைவி.

"அது எங்களுக்கு எப்பவோ தெரியும்கா."

அவள் சிரித்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டேதான் சிரித்தாள். வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் தெறிக்கிறது அவளுக்கு.

ஆஸ்பத்திரிப் படங்களைத் திறக்கத் தனி புரோகிராம் இருக்கிறது என்று கடைசியில் கண்டுபிடித்தான். அது இறங்கி முடிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுமக்கிற வேலையாக இருந்தால் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியிருப்பேன். இங்கே என் தோளுக்கு ஒரு வேலையும் இல்லை.

திறந்தது. குறுக்கே அரிந்த முட்டைக்கோஸ் மாதிரி, சாம்பல் நிறத்தில் படம் படமாக வந்துகொண்டே இருந்தது. இத்தனையில் எந்த நாலைந்து? கேட்கலாமென்றால் உதவியாளர் அம்மா போனை எடுக்கவில்லை. எழுத்தையே நான் தலை நரைத்த பிறகுதான் கூட்டிப் படித்தேன். இதை எங்கே போய்ப் படிப்பது?

ஒரு படத்தில் ஓரமாக வெள்ளையாக எதுவோ அப்பியிருந்தது.

"இது கறை விழுந்திருக்கு. டாக்டருக்கு இதையா அனுப்புவாங்க? நல்லா விழுந்ததாப் பாத்து அனுப்புடா," என்றாள்.

எடுக்கும்போது அக்கா தலையை ஆட்டியிருக்கும் என்றான் அவன். நானும் தலையாட்டினேன். பளிச்சென்று இருந்ததாகப் பார்த்து ஐந்தை அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம். அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். முகம் கழுவிவிட்டு வருவதாகப் பின்பக்கம் போனாள்.

மூடுவதற்கு முன் மச்சினன் படங்களைச் சும்மா உருட்டினான். அந்தக் கறை வந்தது. அடுத்த படத்திலும் அதே இடத்தில், இன்னும் பெரிதாக. அதற்கடுத்ததிலும். அவன் கை நின்றது. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"மாமா, இதையும் அனுப்பிடலாமா?"

அனுப்பினோம். போய்ச் சேர்ந்ததற்கான அடையாளமே வரவில்லை. டாக்டர் போன் அணைந்திருந்தது. உதவியாளர் அம்மா இந்தத் தடவை எடுத்தார். டாக்டர்தான் பார்த்துச் சொல்லிவிட்டாரே, இன்னும் என்ன என்றார். பொறுக்கி அனுப்பியது நாங்கள்தான் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. டாக்டர் வந்ததும் வாருங்கள் என்று வைத்துவிட்டார்.

அவள் ஈர முகத்தோடு வந்து வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அதான் ஒண்ணுமில்லன்னுட்டாரே. இன்னும் என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க ரெண்டு பேரும்?"

மச்சினன் திரையை அணைத்தான். நான் சிடியை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.