நிறுத்தச் சொல்லாத தொப்பி

விசாலாக்ஷி மாமி குரோஷா ஊசியை எடுத்தால் மயிலாப்பூரே மெச்சும். பேனாவை எடுத்தால் தி.நகரில் ரூஹிக்குத் தலைவலி வரும். அங்கே ஒரு பதிப்பகத்தில் பின்னல் குறிப்புகளைச் சரிபார்ப்பது ரூஹியின் உத்தியோகம். தாளில் இருப்பதை மட்டும், சொந்தப் புத்தியைத் துளியும் சேர்க்காமல், பின்னிப் பார்க்க வேண்டும். ஆறு வருஷமாகப் பார்க்கிறாள். மாமியின் ‘குழந்தைகளுக்கு ஐம்பது பின்னல்கள்’ புத்தகத்தில்தான் முதன்முதலாக அவள் பெயர் அச்சேறப் போகிறது: ‘சரிபார்த்தவர்: ரூஹி’.

ஐம்பதில் பன்னிரண்டு தப்பு! மகா தப்பு, பிள்ளைத் தொப்பி. சுற்றுக்கு ஆறு பின்னல் கண் கூட்டிக்கொண்டே போகச் சொன்ன மாமி, எட்டாம் சுற்றோடு கூட்டுவதை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டாள். நிறுத்தாவிட்டால் அது தலையில் கிண்ணம்போல் கவிழாது, தட்டையாக விரிந்துகொண்டே போகும்.

மாமியாவது, ஒத்துக்கொள்வதாவது! நாற்பது வருஷக் கையாம், தப்பாதாம். பதிப்பாளர் ராகவேந்திரனோ தன் பழைய மேலதிகாரியான மாமியின் கணவர் எதிரில் உட்காரக்கூடத் தைரியமில்லாதவர். ரூஹியின் திருத்தங்களை எல்லாம் ரப்பரால் அழித்துவிட்டார். அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றாள் ரூஹி. வாசகர்கள் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா என்று சிரித்தார் மனுஷன். முதல் தடவை அச்சாகிற பெயர் இந்த லட்சணத்துக்குக் கீழேயா?

சனிக்கிழமை புரூஃபோடு நேரே மயிலாப்பூர் போனாள். மாமி தாளைத் தொடக்கூட இல்லை. பேசிக்கொண்டே அழகான தொப்பி ஒன்றைப் பின்னி ரூஹியின் மடியில் போட்டாள். எட்டாம் சுற்றில் அந்தக் கை தானாகவே நிறுத்தியிருந்தது.

ரூஹி விடவில்லை. போன மாதம்தான் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட மாமியின் மருமகள் ஹம்சா பின்னட்டுமே என்றாள். எழுதியிருப்பதை அப்படியே பண்ண வேண்டும், ஒன்றும் மாற்றக் கூடாது என்று மாமியே உத்தரவு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஹம்சா தொப்பியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டிலிருந்த நூலெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

“எங்க நிறுத்தணும்னு நோக்கே தோணலையாடி?”

“நிறுத்தச் சொல்லி நீங்க எழுதலையேம்மா.”

மறுநாள் மாமி பதிப்பாளருக்கு ஃபோன் போட்டாள். தொப்பியில் ஒரு தப்பைத் தானே கண்டுபிடித்தாளாம், அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதுமாம், மற்றதெல்லாம் கனகச்சிதமாம். கண்டுபிடித்தவள் பெயரைத்தானே போட வேண்டும்? புத்தகம் வந்தது. ‘எழுதியவர், சரிபார்த்தவர்: விசாலாக்ஷி’. ரூஹி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஒரு மாதத்தில் கடிதங்கள் குவிந்தன. ஸ்வெட்டருக்கு ஒரு கைதான் வருகிறது. காலுறையில் கால் நுழைய வழியில்லை. குல்லாய் போட்ட பொம்மைக்குக் கழுத்தே கிடையாது. எல்லாமே ‘சரிபார்த்தவர்’ பெயருக்கு. ராகவேந்திரன் ஒரு பை நிறையக் கட்டி ரூஹியிடமே கொடுத்தனுப்பினார்.

மாமி வீட்டுக் கூடத்தில் ஹம்சாவின் தொப்பி டி.வி.யைத் தலையோடு கால் மூடிக்கொண்டிருந்தது. மாமி நாலு கடிதம் படித்தாள். ஐந்தாவதைப் பிரிக்கவில்லை.

“இத்தனைக்கும் யாரும்மா பதில் எழுதறது?”

ரூஹி தன் பேனாவை எடுத்துப் பையின் மேல் வைத்தாள்.

“சரிபார்த்தவங்கதான், மாமி.”